இம்ப்ளாண்ட் பல் எனக்குப் பொருந்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் சிகிச்சை மையம் ஒன்றில், மருத்துவர் பரிசோதித்து முடித்த பிறகு நோயாளியுடன் உட்கார்ந்து, அவர் சொன்னவற்றை மீண்டும் ஒருமுறை நிதானமாக விளக்கிச் சொல்வது என் பணி. நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. எழுந்து வெளியே வந்த பிறகுதான் ஐயங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் வாயையும் எக்ஸ்ரேயையும் நேரில் பார்த்த மருத்துவரின் கருத்துக்கு இந்தப் பக்கம் மாற்றாகாது. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை இதைப் படித்துத் தெரிந்துகொண்டு போகலாம்.

இம்ப்ளாண்ட் என்றால் புதுப் பல்லா, இல்லை வெறும் திருகா?

மருத்துவர்கள் இம்ப்ளாண்ட் என்று சொல்வது, தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் சிறு திருகை மட்டுமே. அது இழந்த பல்லின் வேருக்கு மாற்றாக நிற்கிறது. பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் விட்டமும் 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதாக, டைட்டேனியத்தால் செய்யப்பட்டிருக்கும். அதன்மேல் அபட்மென்ட் எனப்படும் இணைப்புத் துண்டும், அதற்கும் மேல் கிரவுன் அல்லது கேப் என்று பலரும் சொல்கிற பல் வடிவ உறையும் வருகின்றன. கண்ணாடியில் தெரிவது இந்த உறை மட்டும்தான்.

மூன்றையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் நீங்கும். இம்ப்ளாண்ட் உடைந்துவிட்டது என்று பதறி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, மேலுள்ள உறையின் பீங்கான் சில்லு பெயர்ந்திருக்கும், அல்லது உறையைப் பிடித்திருக்கும் இணைப்புத் திருகு தளர்ந்திருக்கும். எலும்புக்குள் இருக்கும் பகுதி உறுதியாகவே இருக்கும்.

எலும்புக்குள் உலோகத்தை வைத்தால் உடம்பு அதை வெளியே தள்ளிவிடாதா?

டைட்டேனியத்தின் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. எலும்புச் செல்கள் அந்தப் படலத்தை ஒட்டியே வளர்ந்து, இடையில் மென்திசு இல்லாமல் உலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில், எலும்புக்குள் ரத்தம் ஓடும் விதத்தை ஆராய்வதற்காக முயல்களின் கால் எலும்பில் டைட்டேனியத்தாலான கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனபோது, அது எலும்போடு ஒன்றிப்போய் வர மறுத்தது. அதிலிருந்து பிறந்ததே இன்றைய சிகிச்சை. 1965இல் அவர் சிகிச்சை அளித்த முதல் நோயாளி 2006இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அந்த இம்ப்ளாண்ட்களைப் பயன்படுத்தினார்.

டைட்டேனிய ஒவ்வாமை மிக அரிது. உலோகமே வேண்டாம் என்பவர்களுக்குச் சிர்கோனியா என்ற வெண்பீங்கான் இம்ப்ளாண்ட்களும் உள்ளன. ஆனால் டைட்டேனியத்துக்கு இருக்கும் நீண்ட கால அனுபவம் அவற்றுக்கு இன்னும் இல்லை.

பல் ஆடவில்லை, சொத்தையும் வலியும்தான். வேர் சிகிச்சை செய்து இழுத்தடிப்பதைவிட, எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள் என்கிறார்கள். செய்யலாமா?

இந்தக் கேள்வியோடு வருபவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேசுகிறேன், ஏனென்றால் பிடுங்கிய பல்லைத் திரும்பப் பெற வழி கிடையாது. இயற்கையான பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு ஒன்று மெத்தைபோல் இருக்கிறது. சோற்றில் ஒரு மணல் துகள் அகப்பட்டாலும் பல் உடனே உணர்ந்து தாடையை நிறுத்துவது அந்தத் திசுவால்தான். இம்ப்ளாண்ட்டுக்கு அந்த மெத்தையும் கிடையாது, அந்த அளவு உணர்வும் கிடையாது. நன்றாகச் செய்யப்பட்ட வேர் சிகிச்சைக்குப் பின் சரியான உறை போடப்பட்ட பல், நீண்ட காலம் நிலைப்பதில் இம்ப்ளாண்ட்டுக்கு ஏறத்தாழ இணையாகவே நிற்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

எடுக்கத்தான் வேண்டிய பற்களும் உண்டு. வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தால், சொத்தை எலும்பு மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், உறையைப் பிடித்துக்கொள்ள ஈறுக்கு மேல் போதிய பல் மிஞ்சவில்லை என்றால், அல்லது சுற்றிலும் எலும்பு பெருமளவு கரைந்து பல் எல்லாப் பக்கமும் ஆடினால், அதைக் காப்பாற்ற முயல்வதில் பயன் குறைவு. உங்கள் பல் இவற்றில் எதில் சேர்கிறது என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதிலில் ஐயம் இருந்தால், எடுப்பதற்கு முன் வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். வலிக்கு உடனடி சிகிச்சை தேவை. இம்ப்ளாண்ட்டுக்கு அந்த அவசரம் இல்லை.

ஒரு பல்தானே போயிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

போனது எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. இடைவெளி இருந்தால் பக்கத்துப் பல் அதில் சாய்வதும், எதிர்த்தாடைப் பல் இடைவெளியை நோக்கி நீள்வதும் நடக்கலாம். இளம் வயதிலும், முதல் கடைவாய்ப்பல் போன இடத்திலும் இதற்கான வாய்ப்பு அதிகம். ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. ஞானப்பல் போனால் அதற்கு மாற்று தேவையே இல்லை. கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் போனவர்களில் பலர் எந்தக் குறையும் உணராமல் வாழ்கிறார்கள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கெய்சர் என்ற ஆய்வாளர் 1980களில், முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப்பற்களும் நல்ல நிலையில் இருந்தால் பலரும் திருப்தியாக மெல்ல முடிகிறது என்று எடுத்துக்காட்டினார். எனவே ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் ஒரு தெரிவாக எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பற்களின் நிலையைப் பார்த்து, நகர்வு தெரிந்தால் அப்போது முடிவெடுக்கலாம். ஆனால் காத்திருக்கும் காலத்தில் எலும்பு கரையும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல்செட், இம்ப்ளாண்ட் மூன்றையும் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பக்கத்துப் பற்களைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பிரிட்ஜ் என்பது இடைவெளியின் இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி, அவற்றின்மேல் உறை போட்டு, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது. அந்தப் பற்கள் சொத்தையோ அடைப்போ இல்லாமல் முழுமையாக இருந்தால், ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களைச் செதுக்குவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அங்கே இம்ப்ளாண்ட்டின் பக்கம் நியாயம் அதிகம். அதே பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்புகள் இருந்து, எப்படியும் உறை போடத்தான் வேண்டும் என்ற நிலை இருந்தால், பிரிட்ஜ் அறுவை சிகிச்சை இல்லாமல் சில வாரங்களில் முடிந்துவிடும் நல்ல வழி. முன்பல் ஒன்றுக்கு மட்டும் என்றால், பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் சிறு சிறகுபோல் ஒட்டவைக்கும் பிரிட்ஜும் உண்டு. அதற்குச் செதுக்கல் மிகக் குறைவு.

கழற்றி மாட்டும் பல்செட்டைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பல இடங்களில் பற்கள் இல்லாதவர்களுக்கும், மீதிப் பற்களின் எதிர்காலம் உறுதியாகத் தெரியாதவர்களுக்கும் அது ஏற்றது. பின்னால் இன்னொரு பல் போனாலும் அதிலேயே சேர்த்துக்கொள்ள முடியும். வாயில் அசைவதும், தாங்கும் பற்களைச் சுற்றி அழுக்கு சேர்வதும் அதன் குறைகள்.

இம்ப்ளாண்ட் பக்கத்துப் பல்லைத் தொடுவதில்லை, அதற்குச் சொத்தையும் வராது. அறுவை சிகிச்சை, பல மாதக் காத்திருப்பு, கூடுதல் செலவு ஆகியவற்றை அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டும்.

வைக்கும்போது மிகவும் வலிக்குமா?

அந்த இடத்தை மரத்துப்போகச் செய்துதான் வைப்பார்கள். அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியக் கூடாது. பல் எடுத்ததைவிட இது எளிதாக இருந்தது என்று சொல்பவர்களே அதிகம். மரப்பு நீங்கிய பின் இரண்டு மூன்று நாள் வலியும் வீக்கமும் இருக்கலாம், வழக்கமான வலி மாத்திரைக்கு அடங்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மொத்தம் எத்தனை மாதம் ஆகும்? ஒரே நாளில் பல் வைக்கிறோம் என்று சிலர் சொல்கிறார்களே?

திருகை எலும்பு பற்றிக்கொள்ளும் காலம்தான் காத்திருப்பின் பெரும்பகுதி. தொடக்க காலத்தில் கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருந்தார்கள், ஏனென்றால் மேல்தாடை எலும்பு மென்மையானது. இன்றைய திருகுகளின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் நல்ல எலும்பில் 2 அல்லது 3 மாதமே போதுமானதாக இருக்கலாம். எலும்பு சேர்க்க வேண்டியிருந்தால் மொத்தம் ஓர் ஆண்டுகூட ஆகும்.

ஒரே நாளில் வைப்பது பொய்யில்லை. திருகு இறங்கும்போதே எலும்பில் மிக இறுக்கமாகப் பிடித்தால், அன்றே தற்காலிகப் பல் ஒன்றைப் பொருத்தலாம். ஆனால் அந்தப் பல் பெரும்பாலும் தோற்றத்துக்கானது. எதிர்ப்பல் அதன்மேல் இடிக்காதபடி உயரத்தைக் குறைத்திருப்பார்கள், சில வாரங்கள் மென்மையான உணவு மட்டுமே உண்ண வேண்டியிருக்கும். ஒன்றிப்பிடிக்கும் முன் திருகு அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து இம்ப்ளாண்ட் வீணாகிவிடும். அன்றே பல் வைப்பதா வேண்டாமா என்பதை அறுவையின்போது கிடைக்கும் பிடிமானம்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால், பரிசோதிக்கும் முன்பே அதை உறுதியாக வாக்களிப்பவரிடம் நான் எச்சரிக்கையாக இருப்பேன்.

பல் எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. எலும்பு இல்லை என்கிறார்கள். பல் போனால் எலும்பு எங்கே போகும்?

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. வேரின் வழியாக வந்துகொண்டிருந்த அழுத்தம் நின்றதும், உடல் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. எடுத்த முதல் ஆண்டிலேயே அந்த மேட்டின் அகலத்தில் பாதியளவுகூடக் குறையலாம். அந்த இழப்பில் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு இருக்க வேண்டும். கீழ்த்தாடையில் உள்ளே ஓடும் நரம்பிலிருந்து ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். இதைத் தட்டையான எக்ஸ்ரேயில் முழுமையாக அளக்க முடியாது. முப்பரிமாணப் படம் தரும் தாடை ஸ்கேன் அதற்காகத்தான்.

மேல்தாடையின் பின்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே எலும்புக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போன பிறகு அது கீழ்நோக்கி விரிகிறது. அதன் உட்சவ்வை மெல்ல மேலே தூக்கி, அடியில் எலும்புத் துகள்களை நிரப்புவதையே சைனஸ் லிஃப்ட் என்கிறார்கள். எலும்புக் குறைவு சிறிதாக இருந்தால், எலும்பு சேர்க்காமல் குட்டையான திருகையே பயன்படுத்தலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். பொருத்தமான இடத்தில் அது ஒரு முழு அறுவையைத் தவிர்த்துவிடும்.

சேர்க்கும் எலும்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கையொப்பம் இடும் முன்பே கேளுங்கள். அது உங்கள் தாடையிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். கொடையாகப் பெற்ற மனித எலும்பாகவோ, பதப்படுத்திய மாட்டு அல்லது பன்றி எலும்பாகவோ, செயற்கைத் துகளாகவோ இருக்கலாம். சமயம் அல்லது கொள்கை காரணமாக இவற்றில் ஒன்றை ஏற்க இயலாதவர்களுக்குப் பெரும்பாலும் மாற்று இருக்கிறது, ஆனால் முன்கூட்டிச் சொன்னால்தான் ஏற்பாடு செய்ய முடியும். இதைப் பின்னால் தெரிந்துகொண்டு மனம் வருந்தியவர்களைப் பார்த்திருப்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வைக்கவே முடியாதா?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் மற்றவர்களுக்குப் போலவே பெரும்பாலும் நன்றாக நிற்கிறது. கட்டுப்பாடு இல்லாதபோதுதான் புண் ஆறுவது தாமதமாகி, தொற்று எளிதாகிறது. மருத்துவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைக் கேட்பார்கள். 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பொதுவாகத் தயங்குவதில்லை. 8க்கு மேல் போனால் பலர் முதலில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில மாதம் தள்ளிவைப்பதால் இம்ப்ளாண்ட்டுக்கு எந்த நட்டமும் இல்லை.

நாளுக்கு நான்கைந்து சிகரெட்தான் பிடிக்கிறேன். அதுவும் பிரச்சினையா?

ஆம். புகைபிடிப்பவர்களிடம் இம்ப்ளாண்ட் தோல்வியடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகள் கண்டுள்ளன. எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது, ஆனால் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. நிகோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஆற வேண்டிய இடத்துக்கு ரத்தம் குறைகிறது. புகையிலையை வாயில் அடக்கும் பழக்கம் ஈறையும் வாயின் உட்சவ்வையும் நேரடியாகக் கெடுப்பதோடு, புற்றுநோய்க்கும் காரணமாகிறது. அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு மாதம் பின்வரையாவது நிறுத்த முடிந்தால் வாய்ப்பு கூடும். முற்றிலும் விடுவதே சிறந்தது, ஏனென்றால் ஒன்றிப்பிடித்த பிறகும் ஈறு நோய் வழியாகப் புகை தன் வேலையைத் தொடர்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அம்மாவோ எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுக்கிறார். இருவரும் வைத்துக்கொள்ளலாமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஓரிரு இம்ப்ளாண்ட் வைப்பதற்குப் பெரும்பாலும் அதை நிறுத்த வேண்டியே இருப்பதில்லை. ரத்தக்கசிவை அந்த இடத்திலேயே கட்டுப்படுத்திக்கொள்வார்கள். மாற்றம் ஏதும் தேவையானால், மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

எலும்புத் தேய்மானம் மட்டும் தடையாகாது. அதற்கான மருந்தைத்தான் கவனிக்க வேண்டும். அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தைக் குறைக்கின்றன. அதனால் அரிதாக, அறுவைக்குப் பின் தாடை எலும்பின் ஒரு பகுதி ஆறாமல் செத்துப்போகும் நிலை வரலாம். தேய்மானத்துக்குக் குறைந்த அளவில் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு என்பதால், பலருக்கு எச்சரிக்கையோடு செய்கிறார்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக இதே மருந்துகளை அதிக அளவில் ஊசியாகப் பெறுபவர்களுக்கு இம்ப்ளாண்ட்டைத் தவிர்ப்பதே வழக்கம். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்ததானாலும் தெரிவிக்க வேண்டும். கதிர்வீச்சு பட்ட எலும்பு ஆறும் திறன் நெடுங்காலத்துக்குக் குறைந்தே இருக்கும்.

என் மகனுக்கு 15 வயது, விளையாடும்போது முன்பல் போய்விட்டது. அப்பாவுக்கு 78. யாருக்கு வைக்கலாம்?

அப்பாவுக்கு வைக்கலாம், மகனுக்கு இப்போது கூடாது. கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மாறாக எதிர்பார்க்கிறார்கள். வளரும் தாடையில் இயற்கைப் பற்கள் எலும்போடு சேர்ந்து இறங்கிவருகின்றன. எலும்போடு ஒட்டிவிட்ட இம்ப்ளாண்ட் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் உள்ளே ஏறிக் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடிவது ஆளுக்கு ஆள் வேறுபடும். மேல் முன்பல் என்றால் இருபது வயதைத் தாண்டியும் காத்திருக்கச் சொல்வதுண்டு. அதுவரை முன்பே சொன்ன, சிறகுபோல் ஒட்டவைக்கும் பிரிட்ஜ் நல்ல துணை.

வயது முதிர்ந்தவர்களுக்கு உச்ச வரம்பு எதுவும் இல்லை. உடல்நிலை அறுவையைத் தாங்குமா, அன்றாடம் துலக்கக் கை ஒத்துழைக்கிறதா என்ற இரண்டும்தான் பார்க்கப்படும்.

ஈறு நோய் வந்துதான் பற்களை இழந்தேன். இம்ப்ளாண்ட்டுக்குச் சொத்தை வராதே, இனிக் கவலை இல்லைதானே?

சொத்தை வராது, ஆனால் உங்கள் பற்களைப் பறித்த நோயின் உடன்பிறப்பு இம்ப்ளாண்ட்டுக்கும் வரும். திருகைச் சுற்றி அழுக்குப் படலம் தேங்கினால் முதலில் ஈறு சிவந்து, துலக்கும்போது ரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் திரும்பிவிடும். விட்டுவிட்டால் அழற்சி எலும்புக்கு இறங்கி, திருகைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்கத் தொடங்கும். பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் எனப்படும் இந்த நிலை, ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் காணப்பட்டது. இதில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. அதுதான் இதன் ஆபத்து. எலும்பு போன பிறகு அதை முழுதாகத் திரும்பப் பெறுவது கடினம்.

முன்பு ஈறு நோய் இருந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே முதலில் மீதிப் பற்களின் ஈறு நோயைக் கட்டுப்படுத்த வேண்டும்; சில மாதங்கள் ரத்தக்கசிவு இல்லாமல் ஈறுகள் நிலைபெற்ற பின்னரே திருகைப் பற்றிப் பேச வேண்டும். ஈறைப் பார்க்காமலேயே அடுத்த வாரம் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த அவசரத்துக்கு உடன்பட வேண்டாம்.

வைத்த பிறகும் பல் இடுக்குத் தூரிகையால் தினமும் சுற்றிலும் துலக்க வேண்டும். 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை காரை நீக்கி, ஈறின் ஆழத்தை அளந்து, அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்து எலும்பு மட்டத்தைப் பார்க்க வேண்டும். உறையைச் சிமென்ட்டால் ஒட்டுகிறார்களா, திருகால் பூட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். ஈறுக்கடியில் தங்கிவிடும் சிமென்ட் இந்த அழற்சிக்கு ஒரு காரணம். திருகால் பூட்டியதைத் தேவைப்பட்டால் கழற்றிச் சுத்தம் செய்யவும் முடியும்.

ஒருமுறை வைத்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும் என்கிறார்கள். உண்மையா?

சிலருக்கு இருக்கும், ஆனால் அதை வாக்குறுதியாகத் தர யாராலும் முடியாது. பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும்போது நூற்றுக்கு ஏறத்தாழ 95 இம்ப்ளாண்ட்கள் வாயில் இருக்கின்றன என்பது பல ஆய்வுகளின் கணக்கு. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: வாயில் இருக்கிறது என்ற கணக்கில், மேலே சொன்ன அழற்சியால் எலும்பை இழந்துகொண்டே நிற்கும் திருகுகளும் சேர்ந்திருக்கும். மேலுள்ள உறையோ தேயும் பொருள். அதை ஒருமுறையாவது மாற்ற நேரும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

இரவில் பல் கடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வைத்த பல்லையும் கடித்து உடைத்துவிடுவேனா?

மெத்தைபோன்ற நார்த்திசு இம்ப்ளாண்ட்டுக்கு இல்லை என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் முக்கியமாகிறது. இயற்கைப் பல் அழுத்தத்துக்குச் சற்று அமுங்கிக் கொடுக்கும், இம்ப்ளாண்ட் கொடுக்காது. அதனால் உறையின் பீங்கான் பெயர்வதும் இணைப்புத் திருகு தளர்வதும் பல் கடிப்பவர்களிடம் அதிகம். இது முழுத் தடையாகாது. தூங்கும்போது போட்டுக்கொள்ளும் கடிகாப்பு ஒன்றைச் செய்து வாங்கி, தவறாமல் அணிய வேண்டும். அணிய மாட்டேன் என்று உங்களுக்கே தெரிந்தால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், திட்டத்தை அதற்கேற்ப மாற்றுவார்.

பற்களே இல்லை. கீழ்ப் பல்செட் பேசும்போதெல்லாம் எழும்புகிறது. வரிசை முழுக்க இம்ப்ளாண்ட் வைக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மேல் பல்செட் அண்ணத்தில் ஒட்டிப் பிடிக்கும். கீழே நாக்கு அசைந்துகொண்டே இருப்பதால் அந்தப் பிடிமானம் கிடைப்பதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே திருகுகளை வைத்து, அவற்றில் பல்செட்டைப் பொத்தான்போல் மாட்டினால் பெரும் மாற்றம் தெரியும். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் பல ஆண்டுகள் கழித்தும் எலும்பு பெரும்பாலும் எஞ்சியிருக்கும் என்பதும் ஒரு வசதி.

கழற்றவே வேண்டாத முழு வரிசை வேண்டுமென்றால், தாடைக்கு நான்கு முதல் ஆறு திருகுகளில் அதைத் தாங்கவைக்க முடியும். அறுவையும் செலவும் கூடும், அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்வதும் கடினம். இந்தப் பெரிய திட்டத்துக்காக மீதமிருக்கும் நல்ல பற்களை எடுக்கச் சொன்னால், பிடுங்குவதைப் பற்றி மேலே சொன்னதை ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பின்னால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தால்?

டைட்டேனியத்தைக் காந்தம் இழுக்காது, எடுக்கலாம். வாய்க்கு அருகிலுள்ள படத்தில் சிறு மறைப்பு விழக்கூடும். பல்செட்டைக் காந்தத்தால் பிடிக்கும் அமைப்பு இருந்தால் மட்டும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

இரண்டு மருத்துவர்களிடம் போனேன். செலவும் வேறு, திட்டமும் வேறு. யாரை நம்புவது?

முதலில் இரண்டு மதிப்பீடுகளும் ஒரே வேலைக்கானவையா என்று பாருங்கள். ஒருவர் திருகுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். இன்னொருவர் ஸ்கேன், எலும்பு சேர்ப்பு, அபட்மென்ட், தற்காலிகப் பல், இறுதி உறை, முதலாண்டுப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கலாம். எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். திருகு எலும்பில் பிடிக்காமல் போனால் மறுபடி வைப்பதற்கு யார் செலவு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

திட்டங்கள் வேறுபடும்போது நான் சொல்வது: எனக்கு இம்ப்ளாண்ட் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று இருவரிடமும் கேளுங்கள். மற்ற வழிகளையும் அவற்றின் குறை நிறைகளோடு பொறுமையாகச் சொல்பவர் உங்கள் வாயைப் பார்த்துத் திட்டமிட்டிருக்கிறார். சலுகை இந்த வாரம்தான் என்பது மருத்துவக் காரணமே இல்லை.

வைத்த இம்ப்ளாண்ட் ஆடினால் என்ன செய்வது? உதடு மரத்துப்போகும் என்கிறார்களே, அது?

முதலில் ஆடுவது எது என்று பார்க்க வேண்டும். உறையின் இணைப்புத் திருகு தளர்ந்திருந்தால் இறுக்கிவிடலாம். எலும்பிலுள்ள திருகே ஆடினால் அதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடுவார்கள். முதல் சில மாதங்களில் இப்படி நடந்தால், இடம் ஆறியபின் மறுபடி வைக்க முடியும். இரண்டாம் முயற்சியின் வெற்றி வாய்ப்பு முதல் முயற்சியைவிடச் சற்றுக் குறைவு. தோற்றதற்கான காரணம் தெரியாமல் மறுபடி வைப்பதற்கு உடன்பட வேண்டாம்.

கீழ்த்தாடையின் உள்ளே ஓடும் நரம்பைத் திருகு தொட்டாலோ அழுத்தினாலோ கீழுதடும் முகவாயும் மரத்துப்போகலாம். சரியான ஸ்கேனும் திட்டமும் இருந்தால் இது அரிது. மரக்கும் ஊசியின் விளைவு சில மணி நேரத்தில் நீங்கிவிடும். மறுநாள் காலையிலும் உதடு மரத்தே இருந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் அன்றே தெரிவியுங்கள். நரம்பை அழுத்தும் திருகை விரைவாக எடுத்தால் உணர்வு திரும்பும் வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்கு ஞாபகமறதி தொடங்கியிருக்கிறது. பல்செட்டை எங்கேயாவது வைத்துத் தொலைத்துவிடுகிறார். நிலையான பல்லே வைத்துவிடலாமா?

கழற்ற முடியாத பல் தொலையாது என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் நோய் முற்றும்போது அவரால் துலக்கிக்கொள்ள முடியாமல் போகலாம், வேறொருவர் வாய்க்குள் தூரிகையை விடுவதையும் எதிர்க்கலாம். அப்போது நிலையான வரிசையைச் சுற்றி அழற்சி வந்தால், வலியை எடுத்துச் சொல்லவும் அவரால் இயலாது, அறுவை செய்து நீக்குவதும் கடினமாகிவிடும். அதனால் இத்தகைய நிலையில் எளிய அமைப்பே பாதுகாப்பானது.

நோய் தொடக்க நிலையில் இருந்து, கீழ்ப் பல்செட் நிற்காததால் அவர் சாப்பிடவே சிரமப்படுகிறார் என்றால், மேலே சொன்ன இரண்டு திருகு அமைப்பைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். பல்செட்டைக் கழற்றிக் கவனிப்பவரே கழுவிவிட முடியும். பின்னாளில் அதுவும் சுமையானால் பொத்தான்களை அகற்றி, திருகுகளை ஈறுக்குள் மூடி விட்டுவிடவும் வழியுண்டு. இந்தப் பேச்சில் அம்மாவும் உடன் இருக்கட்டும். அவருக்குப் புரிகிற நாள்களில் அவர் சொல்லும் விருப்பத்தைக் குறித்து வையுங்கள். எந்த நிறுவனத்தின் எந்த அளவுத் திருகு வைக்கப்பட்டது என்ற அட்டையைக் கேட்டு வாங்கி, அவருடைய மற்ற மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிடுங்கள். பின்னாளில் வேறொரு மருத்துவர் அதைக் கழற்றவோ பழுதுபார்க்கவோ நேர்ந்தால், சரியான கருவியை எடுக்க அவருக்கு அந்த அட்டை தேவைப்படும்.